படைவீரர்களுக்கான பிடிஎஸ்டி கேள்வித்தாளைச் சரிபார்ப்பது எப்படி

பிசிஎல் என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பாஸ்டனில், முன்னாள் படைவீரர்களுக்கான தேசிய பிடிஎஸ்டி மையத்தில் ஃபிராங்க் வெதர்ஸும் அவரோடு வேலை செய்தவர்களும் உருவாக்கியது. 17 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், ஆக 17-க்கும் 85-க்கும் நடுவில் ஏதோ ஓர் எண் வரும். வியட்நாமில் சண்டையிட்டுத் திரும்பியவர்களிடம் கொடுத்துப் பார்த்துவிட்டு, 50 வந்தால் பிடிஎஸ்டி, அதாவது பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோய், இருக்க வாய்ப்பு அதிகம் என்றார்கள். அதே கேள்வித்தாளை பால் பிளீஸ், சார்லஸ் ஹோஜ் முதலானோர் போர்முனையிலிருந்து அண்மையில் திரும்பிய 352 படையினரிடம் கொடுத்து, மருத்துவ நேர்காணலோடு ஒப்பிட்டு 2008-இல் வெளியிட்டார்கள். அங்கே நன்றாக வேலை செய்த எண் 30-க்கும் 34-க்கும் இடையில் இருந்தது. அதே 17 கேள்விதான். பதில் சொன்ன ஆட்கள் மாறினார்கள், கேட்ட இடம் மாறியது, எண் அத்தனை தூரம் இறங்கிவிட்டது.

கட்-ஆஃப் என்றால் நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாம். போன வருஷம் ஒரு கல்லூரியில் இடம் வாங்கித் தந்த கட்-ஆஃபை வைத்துக்கொண்டு இந்த வருஷம் வேறு கல்லூரியில் இடம் உறுதி என்று எந்தப் பெற்றோரும் நம்ப மாட்டார்கள். மனநலக் கேள்வித்தாளின் கட்-ஆஃபை மட்டும் கல்வெட்டு மாதிரி எடுத்துக்கொள்கிறோம். எனக்குப் படிக்கக் கிடைக்கும் முதுகலை ஆய்வு வரைவுகளில் அடிக்கடி பார்க்கும் வரி, "இக்கேள்வித்தாளின் ஏற்புடைமை ஏற்கெனவே நிறுவப்பட்டுள்ளது" என்பது. எங்கே, யாரிடம், எதற்காக நிறுவப்பட்டது என்ற அடுத்த வரி இருக்காது. அந்த அடுத்த வரியை நேர்மையாக எழுத என்னென்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் அமெரிக்கப் படையிலிருந்து வரும், ஏனென்றால் இந்த வேலை அங்கே பல பத்தாண்டுகளாக, தடுமாறிய இடங்களையும் சேர்த்தே, வெளிப்படையாகப் பதிவாகியிருக்கிறது.

எதற்காகக் கேட்கிறீர்கள்?

இதை முதலில் ஒரு வாக்கியத்தில் எழுதி மேசை மேல் ஒட்டிவையுங்கள். ஆயிரம் பேரில் யாரைக் கூப்பிட்டு விரிவாகப் பேச வேண்டும் என்று பொறுக்கி எடுப்பது ஒரு வேலை. எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு நோய் இருக்கிறதா என்று தீர்மானிப்பது வேறு வேலை. ஒரு படைப்பிரிவில் எத்தனை சதவீதம் பேருக்கு நோய் என்று கணக்கிடுவது மூன்றாவது வேலை. மூன்றுக்கும் ஒரே எண் பொருந்தாது. பிசி-பிடிஎஸ்டி-5 என்ற சின்னக் கேள்வித்தாளில் ஆம், இல்லை என்று பதில் சொல்லும் 5 கேள்விகள்தான். முன்னாள் படைவீரர்களிடம் சோதித்து 2016-இல் வெளியான முடிவைப் பார்த்தால், யாரையும் தவறவிடக் கூடாது என்றால் கட்-ஆஃப் 3 "ஆம்", தவறான அலாரமும் தவறவிடுவதும் சமநிலையில் இருக்க வேண்டுமென்றால் 4. இரண்டுமே சரிதான், நோக்கம்தான் வேறு.

எந்த வரையறையின்படி நோய் என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள். பிடிஎஸ்டி என்ற பெயர் 1980-இல், மனநோய்களை வரையறுக்கும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்மின் மூன்றாம் பதிப்பில் (டிஎஸ்எம்-3) தான் வந்தது. 2013-இல் டிஎஸ்எம்-5 வந்தபோது அறிகுறிகள் 17-இலிருந்து 20 ஆயின, கேள்வித்தாளும் பிசிஎல்-5 ஆக மாறி 0 முதல் 80 வரை எண்ணத் தொடங்கியது. முந்தைய வரையறையில், சம்பவம் நடந்தபோதே பயமோ கையறுநிலையோ திகிலோ உணர்ந்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. பயிற்சி பெற்ற சிப்பாயிடம் போய் "குண்டு வெடித்தபோது பயந்தீர்களா?" என்றால், "இல்லை, பயிற்சியில் சொன்னதைச் செய்தேன்" என்பார். அது பொய்யில்லை. பயம் அவருக்கு மாதக்கணக்கில் கழித்து, வீட்டில், தூக்கத்தில் வரும். டிஎஸ்எம்-5 அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. 2014-இல் ஹோஜும் குழுவும் 1,822 காலாட்படையினரிடம் பழைய, புதிய கேள்வித்தாள்கள் இரண்டையும் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தச் சதவீதம் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தது, ஆனால் பழைய வரையறைக்குள் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் புதியதற்குள் வரவில்லை. சதவீதம் ஒத்துப்போனதாலேயே ஆட்களும் ஒத்துப்போவார்கள் என்று நினைத்துவிடாதீர்கள்.

உரைகல்லைத் தயார் செய்யுங்கள்

தங்கத்தை உரசிப் பார்க்க ஒரு கல் வேண்டும். இந்தத் துறையில் அந்தக் கல், பயிற்சி பெற்றவர் நேரில் உட்கார்ந்து செய்யும் கட்டமைக்கப்பட்ட நேர்காணல். படைவீரர் ஆய்வுகளில் பெரும்பாலும் கேப்ஸ் என்ற நேர்காணலைப் பயன்படுத்துகிறார்கள். இப்போதைய வடிவம் கேப்ஸ்-5, ஓர் ஆளுக்கு 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் பிடிக்கும். பெரும் செலவு இதற்குத்தான். செலவைக் குறைக்க ஒரு கேள்வித்தாளை இன்னொரு கேள்வித்தாளோடு ஒப்பிட்டுவிட்டு சரிபார்த்தாயிற்று என்று எழுதாதீர்கள், அப்படிச் செய்தால் இரண்டும் சேர்ந்தே தப்பாக இருந்தாலும் உங்களுக்குத் தெரியவராது.

நேர்காணல் செய்பவருக்கு அந்த ஆளின் கேள்வித்தாள் மதிப்பெண் தெரியவே கூடாது. தெரிந்தால், 60 எடுத்தவரிடம் அவர் தன்னை அறியாமல் இன்னும் இரண்டு கேள்வி கூடுதலாகத் தோண்டுவார், 20 எடுத்தவரைச் சீக்கிரம் அனுப்பிவிடுவார். அப்புறம் வருகிற ஒற்றுமை கேள்வித்தாளின் தரத்தைக் காட்டாது. கேள்வித்தாளையும் நேர்காணலையும் சில நாள் இடைவெளிக்குள் முடித்துவிடுங்கள். இரண்டுமே கடந்த ஒரு மாதத்தைப் பற்றிக் கேட்கின்றன, நடுவில் மூன்று வாரம் போனால் இரண்டும் வேறு வேறு மாதத்தைப் பற்றியதாகிவிடும். சம்மதம் வாங்கி நேர்காணல்களைப் பதிவு செய்து, ஒரு பகுதியை இன்னொருவர் தனியாகக் கேட்டு மதிப்பிடட்டும். உரைகல்லே ஆளுக்கு ஆள் மாறினால் அதில் எதை உரசியும் பயனில்லை.

நேர்காணலில் இன்னொன்றையும் கவனமாகக் கேளுங்கள்: இந்த அறிகுறிகளால் வேலை, குடும்பம், அன்றாட வாழ்க்கை எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது? பிசிஎல்-5 இதைத் தனியாகக் கேட்பதில்லை. வியட்நாம் வீரர்களைப் பற்றிய தேசிய ஆய்வு 1980-களில் 15.2 சதவீதம் பேருக்கு அப்போது பிடிஎஸ்டி இருப்பதாகச் சொன்னது. புரூஸ் டோரன்வெண்டும் குழுவும் அதே தரவை ராணுவ ஆவணங்களோடு ஒப்பிட்டு, செயல்பாட்டுப் பாதிப்பையும் கணக்கில் எடுத்து 2006-இல் மறுபடி பார்த்தபோது 9.1 சதவீதம் வந்தது. வீரர்கள் பொய் சொன்னதற்கு அந்த மறுஆய்வில் ஆதாரம் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எண் குறைந்ததும் "ஓய்வூதியத்துக்காகக் கதை கட்டினார்கள்" என்று சொல்ல ஆட்கள் தயாராக இருப்பார்கள். குறைந்த எண்ணும் சின்ன எண் இல்லை.

யாரைச் சேர்ப்பது, எத்தனை பேரை

பாதிப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

இரண்டு அளவுகள் வேண்டும். நோய் உள்ளவர்களில் எத்தனை பேரைக் கேள்வித்தாள் பிடிக்கிறது என்பது சென்சிட்டிவிட்டி. நோய் இல்லாதவர்களில் எத்தனை பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்பது ஸ்பெசிஃபிசிட்டி. முதலாவது 80 சதவீதம், இரண்டாவது 90 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவமனைக்குச் சிகிச்சை தேடி வந்த 1,000 பேரில் 500 பேருக்கு நோய் என்றால், கேள்வித்தாள் 400 பேரைச் சரியாகப் பிடிக்கும், 50 பேரைத் தவறாகப் பிடிக்கும். பாசிட்டிவ் என்று வந்த 450 பேரில் 400 பேர் உண்மையான நோயாளிகள், கிட்டத்தட்ட 89 சதவீதம். அதே தாளை முகாமில் பணியிலிருக்கும் 1,000 பேரிடம் கொடுங்கள், அங்கே 100 பேருக்குத்தான் நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 பேரைச் சரியாகப் பிடிக்கும், 90 பேரைத் தவறாகப் பிடிக்கும். பாசிட்டிவ் வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் இல்லை! அதனால் மருத்துவமனை வரிசையில் நிற்பவர்களிடம் சரிபார்த்துவிட்டு முகாமில் போய்ப் பயன்படுத்தாதீர்கள். சென்சிட்டிவிட்டியும் ஸ்பெசிஃபிசிட்டியும்கூட அப்படியே நிற்காது, சிகிச்சைக்கு வருபவருக்கு நோய் முற்றியிருக்கும், முற்றிய நோயைப் பிடிப்பது எளிது. 50 என்ற எண் 30-க்கு இறங்கியதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

எல்லோரையும் ஒரு மணி நேரம் நேர்காணல் செய்யப் பணம் இருக்காது என்பது புரிகிறது. அதற்காகப் பாசிட்டிவ் வந்தவர்களை மட்டும் கூப்பிடக் கூடாது. அப்படிச் செய்தால் தவறவிட்டவர்கள் உங்கள் கண்ணிலேயே பட மாட்டார்கள். 1,000 பேரில் 200 பேர் பாசிட்டிவ், 800 பேர் நெகட்டிவ் என்றால், 200 பேரையும் கூப்பிடுங்கள், 800-லிருந்து குலுக்கல் முறையில் 100 பேரை எடுங்கள். அந்த 200-இல் 96 பேருக்கு நோய், 100-இல் 3 பேருக்கு நோய் என்று தெரியவந்தால், அந்த 3 பேர் உண்மையில் 24 பேருக்குச் சமம், ஏனென்றால் நெகட்டிவ்களில் எட்டில் ஒருவரைத்தானே பார்த்தீர்கள். எடை போடாமல் கணக்கிட்டால் சென்சிட்டிவிட்டி 97 சதவீதம் என்று வரும், எடை போட்டால் 80 தான். ஸ்பெசிஃபிசிட்டியோ எடை போடாவிட்டால் 48 சதவீதம் என்று படுமோசமாகத் தெரியும், எடை போட்டால் 88. ஒரே தரவு, இரண்டு வேறு கதைகள்.

எத்தனை பேர் வேண்டும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. சென்சிட்டிவிட்டி 80 சதவீதத்தை 10 சதவீதம் முன்பின் துல்லியத்தில் சொல்ல நோய் உள்ளவர்கள் மட்டும் 62 பேர் வேண்டும். பத்தில் ஒருவருக்கு நோய் இருக்கும் படைப்பிரிவில் அவர்களைக் கண்டுபிடிக்க ஏறத்தாழ 620 பேரைப் பார்க்க வேண்டும். மொத்தமே 60 பேரை வைத்துக்கொண்டு கட்-ஆஃப் அறிவிப்பது வீரர்களுக்குச் செய்யும் அநியாயம்.

கேட்பது யார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்

படையில் இது எல்லாவற்றையும்விட முக்கியம். 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், ஈராக்கிலிருந்து திரும்பிய ஒரு பிரிகேடின் வீரர்கள் வழக்கமான, பெயர் போட்ட உடல்நலப் படிவத்தை நிரப்பினார்கள், அவர்களில் ஒரு பகுதியினர் பெயர் போடாத படிவத்தையும் நிரப்பினார்கள். மனச்சோர்வு, பிடிஎஸ்டி, தற்கொலை எண்ணம் எல்லாமே பெயர் போடாத படிவத்தில் இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகமாக இருந்தன. பதவி உயர்வு போய்விடுமோ, துப்பாக்கியை வாங்கிக்கொள்வார்களோ, கூட இருப்பவர்கள் கோழை என்பார்களோ என்ற பயம் கேள்வித்தாளின் தரத்தை எப்படிக் கெடுக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. ஆகவே உங்கள் சரிபார்ப்பை எந்தச் சூழலில் செய்தீர்கள் என்று எழுதுங்கள்: தாளில் பெயர் இருந்ததா, முடிவு யார் கைக்குப் போனது, அறையில் யார் நின்றார்கள். பெயர் இல்லாமல் சரிபார்த்த கட்-ஆஃப், பெயர் போட்டுக் கேட்கும் இடத்தில் பலரைத் தவறவிடும். மேலதிகாரி அறையில் இருக்கவே கூடாது. அவர் இருக்கும்போது கிடைப்பது சம்மதமாக இருக்காது, உத்தரவுக்குக் கீழ்ப்படிவதாகவே இருக்கும்.

எப்போது கேட்கிறீர்கள் என்பதும் அதே அளவு முக்கியம். ஈராக்கிலிருந்து திரும்பிய 88,235 வீரர்களின் படிவங்களைப் பார்த்த 2007 ஆய்வில், திரும்பியவுடன் பிடிஎஸ்டி சோதனையில் பாசிட்டிவ் வந்த முழுநேரப் படையினர் 11.8 சதவீதம், சில மாதம் கழித்துக் கேட்டபோது 16.7. ரிசர்வ் படையினரிடம் 12.7 சதவீதம் 24.5 ஆகியிருந்தது. ஊருக்குப் போய்க் குழந்தையைப் பார்க்கும் அவசரத்தில் இருப்பவரிடம் முதல் வாரத்தில் கேட்டால், எல்லாவற்றுக்கும் "இல்லை" போட்டுவிட்டுக் கிளம்புவார்.

சொற்களைச் சோதியுங்கள்

தாளை அச்சடிப்பதற்கு முன் பத்து, பதினைந்து வீரர்களை உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்வியையும் படித்து, "இதை உங்கள் பேச்சில் சொல்லுங்கள், ஏன் இந்த எண்ணைப் போட்டீர்கள்?" என்று கேளுங்கள். எச்சரிக்கை உணர்வு அதிகமாக இருக்கிறதா என்ற கேள்விக்குப் பணியிலிருக்கும் சிப்பாய் பெருமையாக 4 போடுவார், அது அவர் வேலை. அதே ஆள் விடுப்பில் வந்தும் வீட்டு வாசலைப் பார்த்தபடிதான் சாப்பிட முடிகிறது என்றால் கதை வேறு. தூக்கமின்மை, கவனக்குறைவு, எரிச்சல் மூன்றும் குண்டுவெடிப்பில் தலை அதிர்ந்தவருக்கும் வரும், மனச்சோர்வு உள்ளவருக்கும் வரும். அதனால் தலைக்காயம் பட்டதா என்று தனியாகக் கேட்டு வையுங்கள், மனச்சோர்வை அளக்க, 9 கேள்விகள் கொண்ட பிஎச்க்யூ-9 மாதிரி ஒரு கேள்வித்தாளையும் கூடவே கொடுங்கள்.

கேள்வித்தாளைத் தமிழுக்கோ வேறு மொழிக்கோ கொண்டுபோனால் இந்த வேலை இரட்டிப்பாகும். இருவர் தனித்தனியே மொழிபெயர்த்து, ஒன்றாக உட்கார்ந்து ஒரு வடிவம் ஆக்கி, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திருப்பி மொழிபெயர்க்க வேண்டும். அதிர்ச்சிச் சம்பவம் "மீண்டும் நிகழ்வதான உணர்வு" என்று எழுதினால் அகராதிப்படி சரி, ஆனால் பதில் சொல்பவர் அதை வெறும் ஞாபகம் என்று எடுத்துக்கொள்வார். "அது இப்பவே, இங்கேயே நடக்கிற மாதிரி இருந்ததா?" என்றால் சட்டென்று பிடித்துக்கொள்வார். திருப்பி மொழிபெயர்ப்பில் இரண்டும் ஒரே மாதிரிதான் வரும், ஆகவே அதை மட்டும் நம்பாமல் ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். மாற்றிய வடிவம் புதுக் கேள்வித்தாள், அதற்குப் பழைய கட்-ஆஃப் கிடையாது.

எண்களைப் போடும்போது

நம்பகத்தன்மை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் க்ரோன்பாக் ஆல்ஃபா என்ற எண்ணைப் போடுங்கள் (உச்சம் 1), ஒன்றிரண்டு வாரம் கழித்து ஒரு பகுதியினருக்குத் திரும்பக் கொடுத்து ஒப்பிடுங்கள். ஆல்ஃபா 0.95 வந்துவிட்டது என்று கொண்டாட வேண்டாம், கேள்விகள் ஒன்றையொன்று திரும்பச் சொன்னாலும் அப்படி வரும், அது பிடிஎஸ்டியைத்தான் அளக்கிறது என்பதற்குச் சாட்சி ஆகாது. பிசிஎல்-5-இன் 20 கேள்விகளும் டிஎஸ்எம் சொல்லும் நான்கு தொகுப்புகளாக, 5, 2, 7, 6 என்று, உங்கள் தரவில் பிரிகின்றனவா என்பதை, எந்தக் கேள்விகள் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வில் பார்த்து அறிக்கையில் சேருங்கள்.

நேரம் ஒதுக்க வேண்டியது ஆர்ஓசி வளைவுக்கு. இரண்டாம் உலகப்போரில் ரேடார் திரையில் தெரியும் புள்ளி விமானமா வெறும் இரைச்சலா என்று பிரிப்பதிலிருந்து வளர்ந்த முறை இது. ஒவ்வொரு கட்-ஆஃபுக்கும் எத்தனை பேரைப் பிடிக்கிறோம், எத்தனை தவறான அலாரம் என்று வரைந்து பார்க்கிறோம். மென்பொருள் "சிறந்த புள்ளி" என்று ஒன்றைக் காட்டும். அது பெரும்பாலும் இரண்டு தவறுகளுக்கும் ஒரே விலை போட்டுக் கண்டுபிடித்தது. உங்கள் மேசையில் ஒட்டிய வாக்கியத்தை இப்போது பாருங்கள். தவறவிட்ட ஒருவர் துப்பாக்கியோடு மறுபடி களத்துக்குப் போவார், தவறாகப் பிடித்தவர் ஒரு மணி நேர நேர்காணலுக்குப் பின் வீட்டுக்குப் போவார் என்றால், இரண்டுக்கும் ஒரே விலை இல்லை. பக்கத்து எண்களின் முடிவுகளையும் அட்டவணையில் போடுங்கள், படிப்பவர் தன் இடத்துக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்கட்டும். எந்தத் தரவில் எண்ணைக் கண்டுபிடித்தீர்களோ அதிலேயே அதைச் சோதித்தால் நன்றாகத்தான் தெரியும், ஆகவே இன்னொரு குழுவில் சோதியுங்கள், முடியாவிட்டால், இருக்கும் தரவிலிருந்தே திரும்பத் திரும்பக் குலுக்கி எடுத்துக் கணக்கிடும் பூட்ஸ்டிராப் முறையிலாவது எண் எவ்வளவு ஆடுகிறது என்று காட்டுங்கள். பெண் வீரர்களைத் தனியாகக் கணக்கிடும் அளவுக்குச் சேர்த்திருந்தால் அதையும் பிரித்துக் காட்டுங்கள். பிசிஎல்-5-க்கு முன்னாள் படைவீரர்களிடம் கிடைத்த 31 முதல் 33 வரையான எண்ணோடு உங்கள் எண் ஒத்துப்போகவில்லை என்றால் பதறாதீர்கள், அதை மறைக்கவும் செய்யாதீர்கள். அறிக்கையை, நோயறியும் சோதனைகளின் துல்லியத்தை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் ஸ்டார்டு 2015 வழிகாட்டியின்படி எழுதினால், எத்தனை பேரை அணுகினீர்கள், எத்தனை பேர் மறுத்தார்கள், யாருக்கு நேர்காணல் நடக்கவில்லை என்பதெல்லாம் தானாக உள்ளே வந்துவிடும்.

இன்னும் ஓர் ஏற்பாடு பாக்கி இருக்கிறது, இதை முதல் நாளுக்கு முன்பே செய்திருக்க வேண்டும். நேர்காணல் செய்பவருக்கு மதிப்பெண் தெரியக் கூடாது என்றேன், பெயர் போட்டால் உண்மை வராது என்றும் சொன்னேன். ஆனால் பிஎச்க்யூ-9-இன் ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் நல்லது என்று நினைத்தீர்களா என்று கேட்கிறது, அதற்கு ஒருவர் "கிட்டத்தட்ட தினமும்" என்று போட்டிருக்கக்கூடும். அதனால் தாளில் பெயருக்குப் பதில் குறியீட்டு எண் இருக்கட்டும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல், கட்டளைச் சங்கிலிக்கு வெளியே இருக்கும், நேர்காணலில் பங்கெடுக்காத ஒரு மனநல மருத்துவரிடம் மட்டும் இருக்கட்டும். அப்படி ஒருவர் இருக்கிறார், இந்தக் கேள்விக்கு இப்படிப் பதில் வந்தால் அவர் உங்களைத் தொடர்புகொள்வார் என்று சம்மதப் படிவத்திலேயே வீரரிடம் சொல்லிவிடுங்கள். தாள்களைச் சேகரித்த அன்று மாலைக்குள், வேறெதையும் கணக்குப் போடுவதற்கு முன், அந்த ஒரு கேள்வியின் பதிலை எல்லாத் தாள்களிலும் அவர் பார்த்து முடித்திருக்க வேண்டும்.